டெக்னிக்கல் யூனிவர்சிட்டில படிச்சவங்க கொஞ்சம் உதவுங்க

தங்கச்சிக்கு பெரிய இன்ஜினியரிங் யூனிவர்சிட்டில சீட் கிடைச்சிருக்குங்க, ஆனா சந்தோஷப்பட வேண்டிய புள்ள பயந்துபோய் உக்காந்திருக்கா. அங்க யாரும் தூங்கவே மாட்டாங்க, முன்னாடியே கோடிங் தெரிஞ்சவங்கதான் தாக்குப்பிடிப்பாங்க, ஒருத்தருக்கொருத்தர் உதவவே மாட்டாங்கனு யாரோ சொல்லி வச்சிருக்காங்க. நான் படிச்சப்போ ஒரு இன்டக்ரேஷன் கணக்கோட ராத்திரி பூரா மல்லுக்கட்டியும் விடை வரல, காலைல ரூம்மேட் பாத்துட்டு சப்ஸ்டிடியூட் பண்ணிட்டு லிமிட்ட மாத்தாம விட்டிருக்கடான்னு ஒரே நிமிஷத்துல காமிச்சான், அப்படி சேந்து உக்காந்து படிச்சுதான் நாங்க பாஸ் பண்ணோம். நல்லா தூங்கினாதான் படிச்சது மனசுல நிக்கும், 7 மணி நேரமாவது வேணும்னு சொன்னாலும் நம்ப மாட்டேங்குறா. கோடிங்கே தெரியாம சேந்தவங்க, முதல் செமஸ்டர்ல சறுக்கிட்டு அப்புறம் எழுந்து வந்தவங்க யாராச்சும் இருந்தா ரெண்டு வரி எழுதுங்க ப்ளீஸ், அவகிட்ட அப்படியே காட்டணும்.