கலவா மீனை உயிரோடு கீழே இறக்க எவ்வளவு ஈயம்?

அண்ணாச்சிமாரே, ஒரு உதவி வேணும்.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிய தேசியப் பூங்காவுக்குள் பொழுதுபோக்குத் தூண்டிலுக்கு இடமில்லை. அதனால் அதற்கு வெளியே, திருநெல்வேலிக் கரையிலுள்ள உவரி, இடிந்தகரைப் பாறைகளுக்கு வருகிறவர்களுக்காக ஒரு கைவழிகாட்டி எழுதுகிறோம். பிடித்த மீனை உயிரோடு திரும்பக் கடலில் விடுவதில்தான் சிக்கல்.

30 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப்போல நாலு மடங்கு. கலவாவைச் சட்டென்று தூக்கினால் காற்றுப்பை உப்பி, இரைப்பை வாய்வழியே பிதுங்கும். அதை ஊசியால் குத்துவது தவறு. கிழிவது இரைப்பைதான், காற்றுப்பை அல்ல. அப்படியே விட்டாலும் மிதந்து பருந்துக்குத்தான் இரையாகும்.

சரியான வழி, திரும்பக் கீழே இறக்குவது. பெரிய கொக்கியின் எதிர்முள்ளைக் குறடால் நசுக்கி, தங்கூசியை (நைலான் தூண்டில் இழை) கொக்கியின் வளைவில் கட்டி, கொக்கியின் காதில் ஈயம் தொங்கவிட்டு, மீனின் கீழ்த்தாடையில் மாட்டி இறக்கணும். அடியில் வெடுக்கென்று இழுத்தால் கழன்றுவிடும்.

கேள்வி இதுதான்: 2 கிலோ கலவாவுக்கு எத்தனை கிராம் ஈயம் போடுகிறீர்கள்? ஈயம் குறைந்தால் மீன் பாதியிலேயே நிற்கிறது. கூடினால் தாடை கிழிகிறது. நீரோட்டம் இழுக்கும் நாளில் எவ்வளவு கூட்டுவீர்கள்? ஆழத்தைப் பாகக் கணக்கில் (இரு கை விரித்த நீளம் ஒரு பாகம்) சொன்னாலும் போதும். விளமீனுக்குத் தனி அளவு இருந்தால் அதையும் எழுதுங்கள்.