அம்மாவின் ஆக்குபேஷனல் தெரபிக்கு (ஓ.டி.) மெடிகேர் எதுவரை பணம் கொடுக்கும்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்

எடிசன்_மகள்:

அம்மாவுக்கு 78 வயது. மார்ச்சில் ஸ்ட்ரோக் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் ஆறு நாள். அப்புறம் நாம் எல்லோரும் 'ரிஹேப்' என்று சொல்கிற, தங்கித் தெரபி எடுக்கிற ஸ்கில்டு நர்சிங் இடம். அம்மாவிடம் இருப்பது மெடிகேர் அட்வான்டேஜ் பிளான், அதாவது அமெரிக்க அரசின் முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேரைத் தனியார் கம்பெனி வழியாக எடுப்பது.

பி.டி. (பிசியோதெரபி) என்றால் நடக்க வைப்பார்கள், அது புரிந்தது. ஓ.டி. எதற்கு என்று முதல் வாரம் விளங்கவே இல்லை. கோப்பையை அடுக்கச் சொல்வார்கள், பந்தைப் பிசையச் சொல்வார்கள் என்று நினைத்திருந்தேன். வந்த பெண் முதலில் கேட்டது ஒரே கேள்விதான்: வீட்டுக்குப் போனதும் யாரையும் கூப்பிடாமல் எதைச் செய்ய வேண்டும்? நான் மொழிபெயர்த்து முடிக்குமுன் அம்மா சொல்லிவிட்டார். "பாத்ரூம் போகணும். ஜாக்கெட் கொக்கி போட்டுக்கணும். அதுக்கெல்லாம் உன்னைக் கூப்பிட முடியுமா?"

மறுநாள் பழைய ஜாக்கெட் ஒன்றை எடுத்துப் போனேன். அந்தப் பெண் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஐந்து கொக்கி, ஒவ்வொன்றும் அரிசி அளவு. பிறகு வழி கண்டுபிடித்தார். பலவீனமான கை முதலில் சட்டைக்குள் போக வேண்டும், கழற்றும்போது அது கடைசியில் வர வேண்டும். இடது கையால் கொக்கி போட முடியாது, ஆனால் துணி நகராமல் அழுத்திக்கொள்ள முடியும். வலது கட்டைவிரலால் கீழ்க்கொக்கியிலிருந்து மேலே வர வேண்டும். முதல் நாள் ஒரு கொக்கிக்குப் பதினோரு நிமிடம் ஆனது. அம்மாவுக்கு நெற்றியெல்லாம் வியர்வை.

பன்னிரண்டாம் நாள் ஒரு தாளை நீட்டினார்கள். இன்னும் இரண்டு நாளில் கவரேஜ் முடிகிறதாம். ஏன் என்று போனில் கேட்டேன். வாக்கரோடு 150 அடி நடக்கிறார், முன்னேற்றம் ஒரு நிலைக்கு வந்து நின்றுவிட்டது என்றார்கள். நடக்கிறார், சரி. பாத்ரூம் வரை நடந்துபோய் அங்கே என்ன செய்வார்?

அந்தத் தாளிலேயே அப்பீலுக்கு ஒரு எண் இருக்கிறது. கவரேஜ் முடியும் நாளுக்கு முந்தின நாள் நண்பகலுக்குள் கூப்பிட வேண்டும். நான் கூப்பிட்டது காலை 10:40. பிளான்காரர்கள் இல்லாத வேறொரு வெளி அமைப்பு மருத்துவக் குறிப்புகளை வாங்கிப் பார்க்கிறது. அதில் பி.டி. குறிப்பு எங்களுக்கு எதிராகத்தான் இருந்தது. ஓ.டி. குறிப்புதான் காப்பாற்றியது. ஒன்பது நாள் கழித்து இரண்டாவது தாள் வந்தது. மறுபடி அப்பீல், இந்த முறை தோற்றுவிட்டோம்.

இப்போது வீட்டில் இருக்கிறோம். வீட்டுக்கு ஓ.டி. வருவார்களா, எத்தனை நாள், பாதியில் நின்றால் என்ன செய்வது? மூன்று கொக்கிவரை வந்திருக்கிறார்.

வெளிநோயாளி_மகன்:

உங்கள் அம்மா முறையாக அட்மிட் ஆகித்தான் ரிஹேபுக்குப் போயிருக்கிறார். எங்கள் கதை அதற்கு முன்பே தடம் புரண்டது.

அப்பாவுக்கு 83, அரசே நேரடியாக நடத்தும் ஒரிஜினல் மெடிகேர். விழுந்து முதுகெலும்பில் விரிசல். ஆஸ்பத்திரியில் மூன்று இரவு. கட்டில், கைப்பட்டை, நடுராத்திரியில் எழுப்பி ரத்தம் எடுக்கும் நர்ஸ், எல்லாம் இருந்தது. ஆனால் அப்பா அட்மிட் ஆகவே இல்லையாம். அவர் இருந்தது 'அப்சர்வேஷன்'. அதாவது கட்டிலில் படுத்திருந்த வெளிநோயாளி. ரிஹேபுக்கு ஒரிஜினல் மெடிகேர் பணம் கொடுக்க வேண்டுமென்றால் உள்நோயாளியாகத் தொடர்ந்து மூன்று நாள் இருந்திருக்க வேண்டும், டிஸ்சார்ஜ் ஆகிற நாள் கணக்கில் வராது. அப்சர்வேஷனில் கழிந்த நேரமும் கணக்கில் வராது. (பல அட்வான்டேஜ் பிளான்கள் இந்த மூன்று நாள் விதியைக் கேட்பதில்லை.)

ஏமாற்றினார்கள் என்று சொல்லமாட்டேன். 24 மணி நேரத்துக்கு மேல் அப்படி வைத்திருந்தால் 36 மணி நேரத்துக்குள் எழுத்தில் கொடுத்து வாயாலும் விளக்க வேண்டும், 2017-இலிருந்து இது கட்டாயம். கொடுத்தார்கள். கூரியர்காரர் நீட்டும் தாளில் போடுகிற மாதிரி நான்தான் கையெழுத்துப் போட்டேன். முதல் நாளே "இன்பேஷன்ட்டா, அப்சர்வேஷனா?" என்று கேட்டிருந்தால் டாக்டரிடம் பேசவாவது நேரம் இருந்திருக்கும். தகுதி இருந்திருந்தால் முதல் 20 நாள் இலவசம், 21 முதல் 100-ஆம் நாள் வரை 2025 கணக்கில் நாளுக்கு 209.50 டாலர். எங்களுக்கு முதல் நாளிலிருந்தே முழுக் கைக்காசு என்றார்கள். வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டோம்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். வீட்டுக்கு வரும் ஹோம் ஹெல்த்தில் ஓ.டி.யை மட்டும் காரணமாகக் காட்டித் தொடங்க முடியாது. நர்சிங், பி.டி., ஸ்பீச் தெரபி, இந்த மூன்றில் ஒன்று தேவைப்பட வேண்டும். அதை வைத்து ஓ.டி. உள்ளே வந்துவிட்டால், மற்றவை நின்ற பிறகும் ஓ.டி. தேவை ஒன்றுக்காகவே ஹோம் ஹெல்த் தொடரலாம். எங்களுக்கு பி.டி. ஐந்து வாரத்தில் முடிந்தது. ஏஜென்சி ஃபைலையே மூடப்போனது. "ஓ.டி. தேவை இன்னும் இருக்கிறதே, அதற்காகத் தொடரலாமே" என்று நான் கேட்டதும் ஒரு நிமிடம் ஹோல்டில் போட்டார்கள், திரும்ப வந்து சரி என்றார்கள். ஒரிஜினல் மெடிகேரில் இந்த வருகைகளுக்கு நம் பங்கு எதுவும் கிடையாது.

இன்னொன்று. 'வீட்டை விட்டு வெளியேற இயலாதவர்' என்று டாக்டர் சான்று கொடுக்க வேண்டும். அப்பா அதைப் பிடித்துக்கொண்டு, கோயிலுக்குப் போனால் நிறுத்திவிடுவார்கள் என்று ஆறு வாரம் வாசலைத் தாண்டவில்லை. டாக்டரிடம் போகலாம், வழிபாட்டுக்குப் போகலாம், எப்போதாவது சற்று நேரம் வெளியே போய்வரலாம், விதியிலேயே இடம் இருக்கிறது. நர்ஸ் சொன்ன அன்று சாயங்காலமே காரில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

ஓடி_அக்கா:

நான் இதே ஓ.டி. வேலையில் பதினான்கு வருடமாக இருக்கிறேன். உங்களிடம் போனில் சொன்ன 'நிலைக்கு வந்து நின்றுவிட்டது' என்ற வார்த்தையைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் குடும்பங்கள் வாயடைத்துப் போவது அங்கேதான்.

முன்னேற்றம் இருந்தால்தான் மெடிகேர் பணம் கொடுக்கும் என்பது சட்டத்தில் இல்லை. வெர்மான்ட்டில் கிளெண்டா ஜிம்மோ என்ற பெண்மணி முன்னின்ற வழக்கு 2011-இல் தொடங்கி 2013 ஜனவரியில் சமரசமாக முடிந்தது. இருக்கிற நிலையைக் காப்பாற்றவும், சரிவை மெதுவாக்கவும்கூட தெரபி கொடுக்கலாம். அதற்குத் தேர்ந்த தெரபிஸ்ட் தேவையா என்பதுதான் கேள்வி. இந்த இரண்டாம் பாதியை மறந்துவிடாதீர்கள். யார் வேண்டுமானாலும் செய்ய வைக்கக்கூடிய பயிற்சி என்றால் ஜிம்மோ பெயரைச் சொன்னாலும் நடக்காது. அட்வான்டேஜ் பிளான்களும் ஒரிஜினல் மெடிகேரின் கவரேஜ் அளவுகோலையே பின்பற்ற வேண்டும் என்று 2024 ஜனவரியிலிருந்து விதி தெளிவாக இருக்கிறது. முன் அனுமதி கேட்பது மட்டும் நிற்கவில்லை, எங்கள் வேலையில் பாதி அந்த போனிலேயே போகிறது.

ஆகவே எல்லாம் குறிப்பில் என்ன எழுதியிருக்கிறது என்பதில் இருக்கிறது. "நோயாளி நன்கு ஒத்துழைத்தார், பயிற்சியை முடித்தார்" என்று நான் எழுதினால் அடுத்த வாரம் நிறுத்தத் தாள் வரும். "வீல்சேரின் இடது பிரேக்கைப் போடாமல் மூன்று முறையும் எழப்போனார், ஒவ்வொரு முறையும் தடுக்க வேண்டியிருந்தது" என்பதும் அதே நோயாளி, அதே மதியம்தான். இரண்டும் உண்மை. அடுத்தவர் படித்து முடிவெடுக்க உதவுவது இரண்டாவதுதான்.

நம் பெரியவர்களிடம் ஒரு குறை. ராத்திரி இரண்டு முறை உடை நனைந்திருக்கும், காலையில் நர்ஸ் "எப்படி இருக்கிறீர்கள்?" என்றால் கை கூப்பி "ஃபைன், ஃபைன்" என்பார்கள். அது அப்படியே குறிப்பில் ஏறும். குடும்பமும் பக்கத்தில் நின்று தலையாட்டும், அம்மாவைக் குறை சொன்ன மாதிரி ஆகிவிடக் கூடாது என்று. தயவுசெய்து என்ன நடந்ததோ அதைச் சொல்லுங்கள்: நேற்று எத்தனை முறை தாங்கிப் பிடித்தீர்கள், சட்டை போட எவ்வளவு நேரம் ஆனது, எங்கே தடுமாறினார்.

ஹோம் ஹெல்த் முடிந்து வெளியே கிளினிக்குக்குப் போனால் அது மெடிகேரில் வெளிநோயாளிச் செலவுக்கான பகுதி, பார்ட் பி. 2025-இல் முதல் 257 டாலர் நம்முடையது, அதற்குப் பிறகு மெடிகேர் ஒப்புக்கொண்ட தொகையில் 20 சதவீதம். மெடிகாப் என்ற துணைக் காப்பீடு இருந்தால் பெரும்பாலும் இந்த 20 அதில் போய்விடும். அட்வான்டேஜில் ஒவ்வொரு முறையும் நாம் கட்டும் கோபே வேறு. முன்பக்க மேஜையில் "உங்கள் வருட லிமிட் முடிந்துவிட்டது" என்றால் கிளம்பி வந்துவிடாதீர்கள். 1997 சட்டம் கொண்டுவந்த அந்த உச்சவரம்பை 2018 பிப்ரவரியில் எடுத்தாகிவிட்டது. இப்போது இருப்பது ஒரு கோடு மட்டும், 2025-இல் ஓ.டி.க்கு 2,410 டாலர். அதைத் தாண்டினால், இது இன்னும் மருத்துவ ரீதியாகத் தேவை என்று நாங்கள் பில்லில் கே.எக்ஸ். என்ற குறியைச் சேர்க்க வேண்டும். 3,000-ஐத் தாண்டினால் யாராவது குறிப்புகளைக் கேட்டுப் பார்க்கலாம். பி.டி.யும் ஸ்பீச்சும் சேர்ந்து இன்னொரு 2,410. ஓ.டி.யின் கணக்கு தனி, பி.டி. அதைத் தின்றுவிடாது.

எடிசன்_மகள், கொக்கி விஷயத்துக்கு: 2024-இலிருந்து பராமரிப்பவருக்குப் பயிற்சி கொடுப்பதற்கும் மெடிகேர் பணம் கொடுக்கிறது. அம்மா பக்கத்தில் இல்லாமல் உங்களுக்கு மட்டும்கூடச் சொல்லித் தரலாம், அம்மா சம்மதித்தால் போதும். நிறைய கிளினிக்குகள் தாமாகச் சொல்வதில்லை. கேளுங்கள்.

டெக்சாஸ்_தாத்தா:

எல்லோரும் அம்மா அப்பாவைப் பற்றி எழுதுகிறீர்கள். நானே நோயாளி. 74, பார்க்கின்சன்ஸ்.

வீட்டுக்கு வந்த ஓ.டி. பையன் என் கையைப் பார்க்கவில்லை, நேரே பாத்ரூமுக்குப் போனான். குளியல் தொட்டியிலிருந்து எப்படி இறங்குவீர்கள், காட்டுங்கள் என்றான். காட்டினேன். நான் பிடித்துக்கொண்டது துண்டு போடும் கம்பி. நாலு வருடமாக அதைப் பிடித்துத்தான் இறங்குகிறேன். அவன் வந்து இரண்டு விரலால் லேசாக ஆட்டினான். திருகாணி சுவரிலிருந்து மாவு உதிர வெளியே வந்தது. இரண்டு பேரும் சற்று நேரம் பேசவில்லை. ரப்பர் உறிஞ்சியால் ஒட்டுகிற பிடி வாங்கட்டுமா என்று கேட்டேன். அதற்கு இதே கம்பி தேவலை என்றான்.

மெடிகேர் வாக்கருக்கு 80 சதவீதம் கொடுத்தது. சுவர்ப் பிடிக்குச் சைபர். குளிக்கிற நாற்காலிக்குச் சைபர். உயர்த்திய கழிப்பறை இருக்கைக்கும் சைபர். அவையெல்லாம் 'வசதிக்கானவை'யாம். தொட்டியில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டால் ஆபரேஷனுக்குக் கொடுப்பார்கள். சில அட்வான்டேஜ் பிளான்களில் இதற்குத் தனியாக ஏதோ தொகை உண்டு என்று நண்பர் சொன்னார், என்னிடம் இருப்பது ஒரிஜினல். மருமகன் சுவருக்குள் இருக்கும் மரச்சட்டத்தைத் தேடிப் பிடித்து அதில் துளை போட்டுப் பிடியை மாட்டிக் கொடுத்தார்.

பச்சை_அட்டை:

மெடிகேரே இல்லாதவர்கள் சார்பில் ஒரு பதில். மாமியார் கிரீன் கார்டில் வந்து மூன்று வருடம்தான் ஆகிறது. 65 வயதும் தொடர்ந்து ஐந்து வருட வாசமும் ஆனால்தான் மெடிகேரை விலைக்கு வாங்க முடியும், அதுவும் இங்கே வேலை செய்த கணக்கு இல்லாதவர்களுக்கு 2025 விலையில் ஆஸ்பத்திரிச் செலவுக்கான பார்ட் ஏ மாதம் 518, பார்ட் பி 185 டாலர். அதுவரை அரசின் இன்ஷூரன்ஸ் சந்தையான மார்க்கெட்பிளேஸில் வாங்கும் தனியார் பிளான்தான். மறுவாழ்வு சிகிச்சையை விட்டுவிட அதற்கு அனுமதியில்லை, ஆனால் வருடத்துக்கு இத்தனை முறைதான் என்று எண்ணிக்கை வைக்கலாம். எங்கள் பிளானிலும் எண்ணிக்கை உண்டு. அதனால் ஓ.டி.யிடம் முதல் நாளே சொல்லிவிட்டோம்: வாரம் மூன்று முறை வேண்டாம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதும், நடுவில் வீட்டில் நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள் என்று. விசிட்டர் இன்ஷூரன்ஸில் பெற்றோரை அழைத்து வருபவர்கள், விமான டிக்கெட்டுக்கு முன் பாலிசியில் 'ரிஹேபிலிடேஷன்' என்ற சொல்லைத் தேடிப் படித்துவிடுங்கள். மாமியார் முதலில் விசிட்டராக வந்தபோது எங்கள் பாலிசியில் அது விலக்குப் பட்டியலில் இருந்தது.

எடிசன்_மகள்:

எல்லோருக்கும் நன்றி. ஏஜென்சியைக் கூப்பிட்டேன். டாக்டர் எழுதிய உத்தரவில் நர்சும் பி.டி.யும் மட்டும்தான் இருந்தது. ஓ.டி.யை யாரும் நீக்கவில்லை, எழுதவே விட்டுப்போயிருக்கிறது. டாக்டர் ஆபீசில் இரண்டு போன், ஒரு ஃபேக்ஸ். சேர்த்துவிட்டார்கள். பிளானின் அனுமதி நேற்று வந்தது, முதலில் ஆறு வருகை. பராமரிப்பவர் பயிற்சி என்றதும் எதிர்முனையில் ஒரு அமைதி. விசாரித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்கள்.

ஓடி_அக்கா சொன்னபடி ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்துவிட்டேன். நேற்றைய பக்கம்: பாத்ரூமில் இரண்டு முறை பிடித்தேன், ஜாக்கெட் 14 நிமிடம், நாலாவது கொக்கி பாதி.

நாளைக் காலை பத்து மணிக்கு ஓ.டி. வருகிறார். முதலில் பாத்ரூமைத்தான் பார்ப்பார் என்று அம்மாவிடம் தாத்தாவின் கதையைச் சொன்னேன். அம்மா துண்டுக் கம்பியை ஆட்டிப் பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டு, "வெளி ஆள் வர்றதுக்கு முன்னாடி இந்தத் தொட்டியை நல்லா தேய்ச்சுக் கழுவி வை" என்றார்.