பொங்கல் விடுமுறையில் நேபாளத் தராய்: சித்வனா, பர்தியாவா?

காவிரிக்கரை (திருச்சி):
வணக்கம். பொங்கல் விடுமுறையோடு லீவு சேர்த்து 9 நாள் நேபாளத்தின் தெற்குச் சமவெளியான தராய் பக்கம் போக நினைக்கிறோம். நான், ஏழாவது படிக்கும் மகள், 68 வயது அம்மா. அம்மாவுக்கு முழங்கால் வலி, மலை ஏற முடியாது, அதனால்தான் சமவெளி. மகளுக்குக் காண்டாமிருகம் பார்க்க வேண்டும். எனக்கு அங்குள்ள பழங்குடிகளான தாரு மக்களின் ஊரில் தங்க ஆசை. அம்மா கேட்டது புத்தர் பிறந்த லும்பினி மட்டும்தான். சித்வன், பர்தியா தேசியப் பூங்காக்கள், லும்பினி மூன்றையும் சேர்க்கலாமா? மார்ச்சில் போனால்தான் விலங்குகள் நன்றாகத் தெரியும் என்கிறார்கள், அப்போது மகளுக்குப் பரீட்சை நேரம். அம்மா சைவம்.

கூழைக்கடா (கோவை):
மூன்றையும் சேர்க்காதீர்கள். சித்வனின் சௌராஹாவிலிருந்து பர்தியாவின் தாகூர்துவாராவுக்கு ஒரு பகல் முழுக்கக் காரில் உட்கார வேண்டும். முழங்கால் வலியோடு அது வேண்டாம்.

மார்ச் என்று சொல்வதற்குக் காரணம் புல். மழைக்காலம் முடிந்ததும் யானைப்புல் ஆளை மறைக்கும் உயரத்துக்கு நிற்கும். குளிர்காலத்தில் சில நாட்கள் மட்டும் சுற்றுக் கிராமத்தாரைப் பூங்காவுக்குள் விடுவார்கள். கூரைக்கும் சுவருக்கும் வேண்டிய புல்லை அறுத்துக்கொண்டு போவார்கள். பிறகு மிச்சத்தை எரிப்பார்கள். துளிர் வந்ததும் மான் வெளியே வரும், அதன் பின்னால் புலி வரும். நீங்கள் போகும்போது இதெல்லாம் முடிந்திருக்காது. போதாததற்கு மூடுபனி வேறு, பல நாள் பத்து பதினொரு மணி வரை விலகாது. ஜீப் சஃபாரியை மதியத்துக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்காக ஜனவரி வீண் இல்லை. வெயில் வந்ததும் முதலைகள் மணல்திட்டில் ஏறிக் காயும். ஊசி போல நீண்ட மூக்குள்ள கரியால் முதலையைப் பார்க்க இதுதான் நல்ல காலம். நம் கூந்தன்குளத்துக்கு வரும் பட்டைத்தலை வாத்தைப் பர்தியாவை ஒட்டி ஓடும் கர்னாலி ஆற்றிலும் பார்க்கலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, நீங்கள் போகும் நாட்களில்தான் மாகி வருகிறது. மாக மாதம் முதல் நாள், நம் பொங்கலை ஒட்டி வரும் தாருக்களின் புத்தாண்டு. டாங், பர்தியா, கைலாலி என்று மேற்குத் தராயில் இதைவிடப் பெரிய பண்டிகை இல்லை. விடியுமுன் ஆற்றில் குளித்து, பெரியவர்கள் காலில் விழுந்து ஆசி வாங்குவார்கள். அரிசிமாவை ஆவியில் வேகவைத்து டிக்ரி செய்வார்கள், அம்மா தாராளமாகச் சாப்பிடலாம். பன்றிக்கறியும் அரிசிக் கள்ளும் கட்டாயம் இருக்கும், அதனால் சைவம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஊர் கூடி அந்த ஆண்டுக்கான தலைவரைத் தேர்ந்தெடுப்பதும் இந்த நாட்களில்தான். வாய்க்கால், பாதை, ஊர் வழக்கு எல்லாம் அவர் பொறுப்பு.

உங்கள் மகளிடம் இன்னொன்றையும் சொல்லி அழைத்துப் போங்கள். கமையா என்ற கொத்தடிமை முறையில் ஆண்டு ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டதும் இதே மாகியில்தான். அவள் வயதுப் பெண்பிள்ளைகளைக் கம்லரி என்று அடுத்தவர் வீட்டு வேலைக்கு அனுப்பியதும் இந்த நேரத்தில்தான். கமையா முறையை நேபாள அரசு 2000 ஜூலையில் ஒழித்தது. கம்லரி 2013 வரை இழுத்தது. அந்தப் பண்டிகையில் இன்று ஆடிப்பாடும் பெண்களில் சிலர் அப்படி வேலைக்குப் போய்த் திரும்பியவர்களாகவும் இருக்கலாம். இது தெரியாமல் கோலாட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு வருவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

அதனால் என் யோசனை பர்தியா, லும்பினி. பர்தியா அருகே டல்லா கிராமத்தில் தாரு குடும்பங்களே வீட்டில் தங்க வைக்கிறார்கள். பக்கத்திலேயே நம் உத்தரப் பிரதேசத்துக் கதர்னியாகாட் காட்டுக்கு விலங்குகள் போய்வரும் வழித்தடமும் இருக்கிறது.

ரயில்பயணி (சென்னை):
நான் இதை மறுக்கிறேன் சார். குழந்தை கேட்டது காண்டாமிருகம். 2021 கணக்கெடுப்பில் நேபாளம் முழுவதும் 752, அதில் 694 சித்வனில்தான். பர்தியாவில் 38. அவ்வளவு தூரம் போய் அவள் பார்க்காமல் திரும்பினால் பாவம் இல்லையா? சௌராஹாவில் ஆற்றங்கரையிலேயே காண்டாமிருகம் மேய்வதைப் பார்க்கலாம். பக்கத்துப் பச்சௌலியில் தாரு அருங்காட்சியகமும் உண்டு. பர்தியாவிலிருந்து போவதை விட இங்கிருந்து லும்பினியும் கிட்டத்தில்.

யானைச் சவாரி மட்டும் வேண்டாம். அந்த யானைகளைப் பழக்கும் விதம் கொடுமை. ஜீப்பும் ஓடமும் போதும்.

எல்லையில் உங்களுக்குப் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை வேண்டும். 65க்கு மேல், 15க்குக் கீழ் என்றால் ஆதார் போதும், அம்மாவுக்கும் மகளுக்கும் கவலை இல்லை.

கூழைக்கடா:
எண்ணிக்கை சரிதான். காண்டாமிருகம் ஒன்றுதான் குறி என்றால் சித்வன் போங்கள், தடுக்க மாட்டேன். ஆனால் விடுதி மேடையில் சாயங்காலம் நடக்கும் நடனம் ஊர் ஆகாது. பர்தியாவில் ஏன் இவ்வளவு குறைவு என்பதும் குழந்தைக்குத் தெரிய வேண்டிய கதை. அங்கே அடியோடு அழிந்துபோன காண்டாமிருகத்தை 1986இலிருந்து சித்வனிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். உள்நாட்டுப் போர்க் காலத்தில் பபாய் பள்ளத்தாக்கில் இருந்தவற்றை வேட்டையாடித் தீர்த்தார்கள். மறுபடி கொண்டுவந்து விட்டவையும் சேர்ந்துதான் அந்த 38.

காவிரிக்கரை:
இருவருக்கும் நன்றி. மகளிடம் இரண்டையும் வாசித்துக் காட்டினேன். மாகி பார்க்க வேண்டும் என்கிறாள், காண்டாமிருகத்தைச் சித்வனில் இன்னொரு முறை பார்த்துக்கொள்கிறாளாம். லக்னோ வரை விமானம், அங்கிருந்து பஹ்ரைச் வழியாக ருபைதிஹா எல்லை, நேபாள்கஞ்ச், பர்தியா. திரும்பும்போது லும்பினி, சுனௌலி, கோரக்பூர் ரயில். சரியாக வருமா?

கூழைக்கடா:
நல்ல வழி. ஜனவரியில் லக்னோ விமானமும் கோரக்பூர் ரயிலும் பனியால் தாமதமாகும். அதனால் பண்டிகைக்கு ஒரு நாள் முன்பே ஊருக்குள் இருப்பது போல் டிக்கெட் போடுங்கள். பர்தியாவிலிருந்து லும்பினிக்கும் பெரும்பகல் பயணம், அன்று வேறு எதுவும் வைக்காதீர்கள். மண்வீடுகளில் இரவுக் குளிர் கடுமையாக இருக்கும், அம்மாவுக்குக் கம்பளிச் சாக்ஸும் வெந்நீர்ப் பையும் எடுங்கள். வெஸ்டர்ன் டாய்லெட் உள்ள வீடு கிடைக்குமா என்று பதிவு செய்யும்போதே கேட்டு வாங்குங்கள்.