சிறு படகுக்குக் கையால் செய்த சாமான்கள்: அளவு என்ன, எங்கே போகும், ஏன் போகும்

ஐந்து முதல் ஏழு மீட்டர் வரையுள்ள பாய்மரப் படகுகளுக்கு நாமே செய்துகொண்ட சாமான்களைப் பற்றி இங்கே எழுதுங்கள். "நன்றாக உழைத்தது" என்று மட்டும் எழுதினால் அடுத்தவருக்குப் பயனில்லை. என்ன கயிறு, எத்தனை மில்லிமீட்டர், எங்கே கட்டியது, எது முதலில் அறுந்தது என்று சொல்லுங்கள்.

சுக்கான் தடியைச் சற்று நேரம் பிடித்து நிறுத்தும் கயிற்றோடு தொடங்குகிறேன். படகின் இரு பக்க விளிம்புக்கும் குறுக்கே 5 மி.மீ. பாலியஸ்டர் கயிறு. அதன் நடுவில் 40 செ.மீ. மட்டும் 6 மி.மீ. எலாஸ்டிக் கயிறு. அந்த எலாஸ்டிக் பகுதியைத் தடியில் மூன்று சுற்று சுற்ற வேண்டும். இரண்டு சுற்று என்றால் வார்னிஷ் பூசிய தடியில் வழுக்கும். நான்கு என்றால் அவசரத்துக்குக் கழற்ற வராது. முழுக்க எலாஸ்டிக்கில் செய்தால் தடி தானாக அலையும். முழுக்கச் சாதாரணக் கயிறானால் எதிரே ஏதாவது வரும்போது தடி அசையாது. தடியைக் கையால் தள்ளினால் முரண்டு பிடித்தாலும் நகர வேண்டும், அதுதான் சரியான இறுக்கம்.

ஒரு பக்க முனையைக் கிளீட்டில், அதாவது கயிற்றை மாட்டிப் பிடிக்கும் கட்டையில், போட்டு வைத்தால் ஒரே இழுப்பில் முழுதும் தளரும். இந்த வசதியை விட்டுவிடாதீர்கள். தடியைக் கயிறு பிடித்த நிலையில் ஆள் தவறி நீரில் விழுந்தால், படகு அவருக்காக நிற்காது, நேராகப் போய்க்கொண்டே இருக்கும். தனியாகச் செல்பவர் இந்தக் கயிற்றைக் கட்டியிருக்கும்போது உடம்பைப் படகோடு பிணைத்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். புதிதாக எதைச் செய்தாலும் முதலில் கயிற்றால் கட்டிப் பாருங்கள். கயிற்றுக் கட்டு தவறான இடத்தில் இருந்தால் அவிழ்த்துக் கட்டலாம். துளை தவறான இடத்தில் விழுந்தால் அது படகு உள்ளவரை இருக்கும்.

மறுமொழி 1

நீங்கள் சொன்னது பத்து நிமிடத்துக்குப் போதும். மணிக்கணக்கில் படகு தானாகப் போக வேண்டுமென்றால் தாமானையே, அதாவது பாயை இழுத்துப் பிடிக்கும் கயிற்றையே, சுக்கானோடு இணைக்க வேண்டும். 1960-ல் நடந்த முதல் தனியாள் அட்லாண்டிக் பந்தயத்துக்கு பிளாண்டி ஹாஸ்லர் என்ற பிரிட்டிஷ் படகோட்டி தன் 25 அடி 'ஜெஸ்டர்' படகில், காற்றின் திசைக்கேற்பப் படகைத் தானாகத் திருப்பும், தானே உருவாக்கிய காற்றுத் தகட்டுச் சுக்கானைப் பொருத்திக்கொண்டு போனார். அது பெரிய வேலை. நமக்கு ஒரு கப்பி, நான்கு மீட்டர் கயிறு, ஒரு மீட்டர் ரப்பர் குழாய் போதும்.

காற்று ஓங்கும்போது படகு காற்றை நோக்கித் திரும்பப் பார்க்கும். அதே நொடியில் பாயும் தாமானை அதிகமாக இழுக்கும். அந்த இழுப்பில் ஒரு பங்கைக் கப்பி வழியாகக் கொண்டுவந்து, தடியைக் காற்று வரும் பக்கம் இழுக்க வைத்தால் படகு மீண்டும் தன் திசைக்கு வந்துவிடும். காற்று தணிந்ததும் தடியைத் திருப்பி இழுக்க எதிர்ப்பக்கத்தில் ரப்பர் வேண்டும். இங்கேதான் பலரும் தவறு செய்கிறார்கள். துணி உறை போட்ட எலாஸ்டிக் கயிறு ஏறக்குறைய இரண்டு மடங்கு நீண்டதும் கட்டையாகிவிடும். மருத்துவத்துக்குப் பயன்படும் லேட்டெக்ஸ் குழாய் பல மடங்கு நீளும், இழுப்பும் சீராகக் கூடும். வெளிவிட்டம் 10 மி.மீ. அளவில் வாங்குங்கள். வெயிலும் எண்ணெயும் அதற்கு எமன். வேலை முடிந்ததும் கழற்றி இருட்டான பையில் வைக்க வேண்டும். உலோகக் கொக்கி மாட்டினால் அந்த இடத்தில்தான் கிழியும், எனவே கயிற்றால் சுற்றிக் கட்டுங்கள்.

படகு பாம்புபோல நெளிந்து போனால் தடியைக் கயிறு பிடிக்கும் இடத்தைச் சுக்கான் பக்கமாக 5 செ.மீ. நகர்த்துங்கள். காற்றை விட்டு விலகிக்கொண்டே போனால் ரப்பரை இன்னொரு மடிப்பு மடியுங்கள். காற்றை நோக்கியே போனால் ரப்பரைத் தளர்த்துங்கள். ஒரே நேரத்தில் இரண்டையும் மாற்றினால் எது வேலை செய்தது என்றே தெரியாது. பின்காற்றில் தாமானின் இழுப்பு அவ்வளவாக மாறாது என்பதால் இந்த ஏற்பாட்டை நம்ப முடியாது, கையால்தான் ஓட்ட வேண்டும்.

மறுமொழி 2

முன்பாயின் மூலையில் உலோக ஷேக்கிள், அதாவது பாயையும் கயிற்றையும் இணைக்கும் வளையம், தொங்கினால், பாய் படபடக்கும்போது அது மண்டையில் அடிக்கும். அதற்கு மாற்று டைனீமா என்ற மிக வலுவான செயற்கை இழைக் கயிற்றில் செய்யும் மென் ஷேக்கிள். இந்த அளவுப் படகுக்கு 5 மி.மீ., 12 இழைப் பின்னல், உறையில்லாதது. ஒன்றரை மீட்டர் வெட்டிக்கொண்டால் தாராளம், மிஞ்சியதைக் கடைசியில் வெட்டலாம். வெட்டும் இடத்தில் டேப் சுற்றிவிட்டுக் கூரிய கத்தரியால் வெட்டுங்கள். முனையை நெருப்பில் காட்ட வேண்டாம், உருகிக் கட்டியான முனை பின்னலுக்குள் நுழையாது.

நடுவில் மடித்து, மடிப்பில் சிறு கண் விட்டு, ஒரு காலை மற்றதன் பின்னலுக்குள் நுழைத்து எடுங்கள். சுருங்கி விரியும் கண் கிடைக்கும். பிறகு இரு கால்களையும் சேர்த்து டயமண்டு முடிச்சு, மிஞ்சிய வால்களைக் கால்களுக்குள்ளேயே புதைத்துவிடுங்கள்.

முடிச்சைக் கையால் இறுக்கினால் கோலிக்குண்டு அளவில் பருத்து, அழகாகத்தான் இருக்கும். அதை நம்பக் கூடாது. பலமான கொக்கியில் மாட்டி, கப்பி வைத்து முழு பலத்தோடு இழுத்தால் முடிச்சு சுருங்கிக் கல்லாகும், கால்கள் ஒன்றிரண்டு செ.மீ. நீளும். முன்பு சரியாக இருந்த கண் இப்போது பெரிதாக இருக்கும். பாய் படபடக்கும்போது ஷேக்கிள் தானாகக் கழல்வது பெரும்பாலும் இதனால்தான். இறுக்கிய பிறகும் கண்ணுக்குள் முடிச்சு சிரமப்பட்டுத்தான் நுழைய வேண்டும்.

டைனீமா வழுவழுப்பானது. சாதாரண முடிச்சு அதில் நழுவும், நழுவாவிட்டாலும் கயிற்றின் பலம் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ போய்விடும். ஆகவே முனைக் கண் வேண்டுமானால் வாலைப் பின்னலுக்குள் புதைத்து ஸ்ப்ளைஸ் செய்யுங்கள். புதைக்கும் நீளம் கயிற்று விட்டத்தைப்போல 72 மடங்கு. 5 மி.மீ. கயிற்றுக்கு 36 செ.மீ. என்று கணக்கு. வாலின் கடைசிப் பகுதியில் இழைகளை ஒவ்வொன்றாக நறுக்கிக் கூம்பாக்க வேண்டும். திடீரென்று தடிப்பு முடிந்தால் அந்த இடத்தில்தான் அறும். கயிறு தளரும்போது வால் வெளியே ஊர்ந்து வராமலிருக்க நூலால் நான்கைந்து தையல் போடுங்கள்.

உலோகத் துளையின் விளிம்பில் பிசிறு இருந்தால் மென் ஷேக்கிள் ஒரு நாள் ஓட்டத்திலேயே பஞ்சாகும். விரலால் தடவிப் பாருங்கள். விரலைக் கீறுவது கயிற்றையும் அறுக்கும்.

மறுமொழி 3

கயிற்றால் கட்டிப் பார்த்து இடம் உறுதியான பிறகும் துளை போட நடுங்க வேண்டியதில்லை, முறையாகப் போட்டால் போதும். மேல்தளத்தில் இரண்டு ஃபைபர் தகடுகளுக்கு நடுவே பால்சா மரமோ நுரையோ இருக்கும். பால்சாவுக்குள் ஒரு துளி நீர் புகுந்தாலும் அழுகல் மெல்லப் பரவும். மேலே மிதித்தால் தளம் அமுங்கும்போதுதான் தெரியவரும்.

6 மி.மீ. போல்ட்டுக்கு 12 மி.மீ. துளை போடுங்கள், அடித்தகட்டைத் தொடாமல். எல் வடிவில் வளைத்த ஆணியைத் துரப்பணத்தில் மாட்டிச் சுற்றினால் உள்ளே இருக்கும் மரம் இன்னும் 5 மி.மீ. சுரண்டப்படும். முதலில் வெறும் எபாக்ஸிப் பிசினைத் தடவி மரத்தை ஊற விடுங்கள். பிறகு சிலிக்காத் தூள் கலந்து, கரண்டியைச் சாய்த்தாலும் வழியாத பதத்தில் நிரப்புங்கள். நன்றாக இறுகிய பிறகு நடுவில் 6 மி.மீ. துளை. இனி நீர் கசிந்தாலும் எபாக்ஸியைத்தான் தொடும், மரத்தை அல்ல.

துளையின் மேல்விளிம்பைச் சரிவாக ஒரு சுற்று செதுக்கி, போல்ட்டின் கழுத்தில் பியூட்டைல் டேப்பை, அதாவது நீர் கசியாமல் அடைக்கும் பிசுபிசுப்பான ரப்பர் நாடாவை, கூம்பாகச் சுற்றுங்கள். இறுக்கும்போது போல்ட்டை ஒருவர் அசையாமல் பிடிக்க, கீழே இருப்பவர் நட்டை மட்டும் திருப்ப வேண்டும். போல்ட் சுழன்றால் டேப் முறுக்கிக்கொண்டு அடைப்பு போய்விடும். ஒரேயடியாக இறுக்க வேண்டாம். பியூட்டைல் மெதுவாகப் பிதுங்கும், அடுத்த இரண்டு மூன்று நாள்களில் கால் சுற்று கால் சுற்றாக இறுக்குங்கள். கீழே வாஷர் மட்டும் போதாது, அகலமான தாங்கு தகடு வையுங்கள்.

அலுமினியப் பாய்மரத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ போடுவது வேறு கதை. இரண்டு உலோகமும் உப்புநீரும் சேர்ந்தால் அலுமினியம் வெள்ளைப் பொடியாகி உப்பி, ஸ்க்ரூவை விடாமல் பிடித்துக்கொள்ளும். நடுவில் காப்புப் பசை தடவாமல் ஒரு ஸ்க்ரூகூட போடாதீர்கள்.

மறுமொழி 4

எளிமையான சாமான் ஒன்று. ஐந்து லிட்டர் பிளாஸ்டிக் கேன், மூடியை இறுக்கி மூடி, கைப்பிடி தப்பும்படி அடிப்பக்கத்தைச் சாய்வாக வெட்டினால் நீர் இறைக்கும் அகப்பை தயார். வாய் வளைந்துகொடுப்பதால் படகின் மூலைமுடுக்கெல்லாம் வழிக்கும். ஒரு மீட்டர் கயிறு கட்டிவிடுங்கள், இல்லையென்றால் படகு கவிழ்ந்ததும் முதலில் மிதந்து போவது அதுதான்.

வாளியின் கம்பிக் கைப்பிடியை நம்பாதீர்கள். விளிம்புக்குக் கீழே இரு துளைகள் போட்டு 8 மி.மீ. கயிறு கோத்து உள்பக்கம் முடிச்சிடுங்கள். 10 லிட்டர் வாளி நிரம்பினால் 10 கிலோ. ஓடும் படகிலிருந்து அதை நீரில் விட்டால் இழுப்பு அதைவிடப் பல மடங்கு.

மறுமொழி 5

கவிழ்ந்த படகு தலைகீழாகிவிடாமல் பாய்மர நுனியில் கட்டும் மிதவையைப் பற்றி யாரும் எழுதவில்லை. கணக்கு எளிது. ஒரு லிட்டர் இடத்தை நீரிலிருந்து விலக்கினால் ஏறக்குறைய ஒரு கிலோ தாங்கும். 6 மீட்டர் உயரத்தில் 5 லிட்டர் மிதவை இருந்தால், நடுவிலிருந்து அரை மீட்டர் தள்ளி உட்காரும் 60 கிலோ ஆளின் நெம்புவிசைக்குச் சமம்.

காலி பாட்டில்களைக் கட்டுவது முதல் யோசனையாக வரும். வெயிலில் காற்று விரிந்து மூடியோரம் கசியும், குளிர்ந்த நீரில் ஒடுங்கி நீரை உறிஞ்சும். மூடிய செல் பாலிஎத்திலீன் நுரைதான் சரி. மணிமணியாக உதிரும் தெர்மோகோல் நாளடைவில் நீர் ஏறிக் கனக்கும். இரண்டு தட்டையான துண்டுகளை மரத்தின் இரு பக்கமும் வைத்து, துணி உறை தைத்து, மேலே ஒன்று கீழே ஒன்றாக இரு இடத்தில் கட்டுங்கள். ஓரிடத்தில் மட்டும் கட்டினால் காற்றில் சுழன்று பாயேற்றும் கயிற்றைச் சிக்கவைக்கும்.

சோதனையை மரத்தின் உயரத்தைவிட ஆழமான இடத்தில் செய்யுங்கள். ஆழமில்லாத இடத்தில் மரத்தின் நுனி சேற்றில் ஊன்றி நிற்கும், மிதவைதான் தாங்குகிறது என்று தோன்றும். படகைப் பக்கவாட்டில் சாய்த்து, கவிழ்ந்த ஆள் தொற்றுவதுபோல ஒருவர் மேல்விளிம்பைப் பிடித்துத் தொங்க, ஐந்து நிமிடம் நுனி நீர்மட்டத்திலேயே நிற்கிறதா என்று பாருங்கள். மெல்ல அமிழ்ந்தால் இன்னும் இரண்டு லிட்டர் நுரை சேருங்கள்.