இரண்டு பெட்ரூம், ஐந்தாவதாக ஒரு குழந்தை

அமெரிக்காவில் டல்லாஸ் பக்கம் நாங்கள் வாடகைக்கு விடுகிற ஒரு சின்ன வீடு இருக்கிறது, இரண்டு பெட்ரூம். போன கோடையில் பார்க்க வந்த தம்பதிக்கு இரண்டு பையன்கள், அந்தப் பெண்ணுக்கு அப்போது ஏழாவது மாதம். வாடகை எவ்வளவு என்றுகூடக் கேட்கவில்லை, "சார், குழந்தை பிறந்தா அஞ்சு பேர் ஆயிடுவோம், பரவாயில்லையா?" என்று அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். அதற்கு முன் பார்த்த இடத்தில் வீட்டுக்காரர் வயிற்றைப் பார்த்ததுமே "பெட்ரூமுக்கு ரெண்டு பேர்தான், சட்டம்" என்று அனுப்பிவிட்டாராம்.

அது சட்டமே இல்லை. நம்மாட்கள் நிறையப் பேர் இதை நம்பிக்கொண்டிருப்பதால்தான் எழுதுகிறேன். ஹட் என்கிற மத்திய வீட்டுவசதித் துறையின் தலைமை வழக்கறிஞர் கீட்டிங் 1991-ல் எழுதிய குறிப்பில் வருகிற அளவு அது, 1998-ல் துறை அதைத் தன் கொள்கையாக எடுத்துக்கொண்டது. பொதுவாக நியாயம் என்றுதான் அதில் இருக்கிறது. அறையின் அளவு, குழந்தையின் வயது, வீட்டின் அமைப்பு, கழிவுநீர் வசதி எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறார்கள். ஒரு பெட்ரூம் வீட்டில் அப்பா அம்மாவோடு கைக்குழந்தை இருப்பதும் பதின்வயதுப் பிள்ளை இருப்பதும் ஒன்றில்லை என்று அந்தக் குறிப்பே சொல்கிறது. வீடு கொடுப்பதில் பாகுபாடு பார்ப்பதைத் தடுக்கிற நியாய வீட்டுவசதிச் சட்டம் 1968-லேயே வந்துவிட்டது, பதினெட்டு வயதுக்குக் கீழ் பிள்ளைகள் உள்ள குடும்பத்தையும் கர்ப்பிணியையும் அதில் சேர்த்தது 1988-ல். வயிற்றைப் பார்த்து வீடு மறுப்பது அங்கேயே அடிபட்டுப்போகிறது. டெக்சாஸ் சட்டம் பெட்ரூமுக்கு மூன்று பெரியவர்கள் என்று உச்சவரம்பு வைக்கிறது, பிள்ளைகள் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். நகர விதி தனியாக இருக்கும், அதையும் பார்த்துவிடுங்கள்.

எங்கள் வீட்டில் அறைகள் பெரிது, படிக்க ஒரு தனி அறையும் உண்டு. கொடுத்துவிட்டோம், அதே வாடகைக்கு. பையன்கள் எங்கே படுப்பார்கள், குழந்தை எந்த அறையில் என்று நான் கேட்கவே இல்லை, அது அவர்கள் குடும்ப விஷயம்.

அப்புறம், "நமக்கு ஒரே ஒரு வீடுதானே, இந்தச் சட்டம் நம்மைத் தொடாது" என்கிறவர்களுக்கு: நாம் குடியிருக்கும் கட்டடத்தில் மொத்தம் நான்கு வீடுகள் வரைதான் என்றால் மத்தியச் சட்டத்தில் ஒரு விலக்கு உண்டு, புரோக்கர் இல்லாமல் நாமே விடுகிற தனி வீட்டுக்கும் சில நிபந்தனைகளோடு உண்டு. ஆனால் விளம்பரத்துக்கு அந்த விலக்கு கிடையாது. "குழந்தை இல்லாத தம்பதிக்கு மட்டும்", "தமிழ்க் குடும்பத்துக்கு முன்னுரிமை" என்று வாட்ஸ்அப் குழுவில் போடுவதும் விளம்பரம்தான். இனம் பார்த்து மறுப்பதற்கோ எந்த விலக்கும் இல்லை, அதைத் தடுக்கிற சட்டம் 1866-லிருந்தே இருக்கிறது. நாமே வீடு தேடி அலைந்து, பெயரைக் கேட்டதும் "ஏற்கெனவே போய்விட்டது" என்ற பதிலை வாங்கியவர்கள்தானே, அதை இன்னொருவருக்குச் செய்யக் கூடாது.

*

அண்ணா, உங்கள் பதிவைப் படித்தேன். நான் ஒஹாயோவில், ஊருக்கு வெளியே ஒரு வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறேன். அங்கே சாக்கடை இணைப்பு கிடையாது, செப்டிக் டேங்க்தான், பெட்ரூம் கணக்கை வைத்துத்தான் அதற்கு அனுமதி கொடுத்திருக்கிறார்கள். ஒரு பெரிய குடும்பம் கேட்டபோது முடியாது என்று சொல்ல வேண்டியிருந்தது, எனக்கே கஷ்டமாக இருந்தது. ஆனால் ஒப்பந்தத்தில் "குழந்தைகள்" என்ற பேச்சே வராது, இத்தனை நபர்கள் என்று மட்டும்தான் இருக்கும், நான்கு பெரியவர்கள் வந்தாலும் அதே கணக்குதான். இப்போது அந்த அனுமதிக் கடிதத்தின் நகலை விண்ணப்பத்தோடு சேர்த்தே எல்லாருக்கும் கொடுத்துவிடுகிறேன்.