மறுமொழி: கொள்ளைக் கப்பலின் குவார்ட்டர்மாஸ்டருக்குத் தமிழில் என்ன?

அன்பின் குழுவினருக்கு,

கொள்ளைக் கப்பலின் குவார்ட்டர்மாஸ்டருக்குத் தமிழ்ச்சொல் கேட்டதற்குக் குழுவில் 'சுக்கானி', 'துணைத்தலைவர்', 'பகிர்நர்', 'கூற்றுவர்' என்ற சொற்கள் வந்தன. ஐயா சொன்ன 'சுக்கானி' வணிகக் கப்பலுக்குச் சரி. அங்கே குவார்ட்டர்மாஸ்டர் சுக்கான் பிடிப்பவர். தரைப்படையில் அதே பெயர் உணவு, உடை, தங்குமிடம் பார்ப்பவருக்கு. 1710களில் பகாமாஸ் தீவுகளின் நசாவு துறைமுகத்தில் கூடிய கொள்ளைக்காரர்களிடம் இந்த ஆள் இரண்டும் இல்லை.

சண்டை, துரத்தல் என்றால்தான் கப்பல்தலைவன் பேச்சுக்கு மறுபேச்சில்லை. மற்ற நேரமெல்லாம் குவார்ட்டர்மாஸ்டர் ராச்சியம்தான். கொள்ளையைப் பங்கு போடுவது, சோறு அளப்பது, சில்லறைத் தகராறு தீர்ப்பது எல்லாம் அவர். மாலுமிகளே வாக்களித்து அமர்த்திய ஆள். பார்த்தலோமியூ ராபர்ட்ஸ் என்ற கொள்ளைத்தலைவரின் கப்பல் ஒப்பந்தத்தில் தலைவனுக்கும் இவருக்கும் ஆளுக்கு 2 பங்கு, பீரங்கிக்காரருக்கு ஒன்றரை. தலைவனுக்குச் சமமாகக் கூலி வாங்குபவரைத் 'துணைத்தலைவர்' என்றால் எப்படி?

1718 நவம்பரில், பிரெஞ்சுப் போர்க்கப்பல் ஒன்றோடு மோதாமல் சார்லஸ் வேன் என்ற கொள்ளைத்தலைவர் விலகி ஓடினார். மறுநாளே வாக்கெடுப்பு. கோழை என்று முத்திரை குத்தித் தலைமையிலிருந்து இறக்கிவிட்டார்கள். வேனுக்கும் அவர் பக்கம் நின்ற சிலருக்கும் சிறு கப்பலொன்றைக் கொடுத்து அனுப்பினார்கள். தலைமைக்கு வந்தவர் ஜான் ராக்கம், அதுவரை குவார்ட்டர்மாஸ்டர். தலைவனைத் தட்டிக்கேட்கும் இடம் என்பது சொல்லிலும் தெரிய வேண்டும்.

'பகிர்நர்' பாதி வேலையைத்தான் சொல்கிறது. 'கூற்றுவர்' வேண்டவே வேண்டாம். கூறு போடுபவர் என்று நினைத்து வைத்தால் எமன் வந்து நிற்கிறான். (அவர்கள் கொடியில் எலும்புக்கூடு பறந்தது என்பது வேறு விஷயம்.) என் பரிந்துரை: பங்குநடுவர்.

---

(இதற்குக் குழுவில் வந்த மறுமொழி)

தம்பி, நல்ல சொல். ஒரு தடை மட்டும். எதிரிக் கப்பலில் ஏறும்போது முன்னால் போனவரும் பெரும்பாலும் இவரே. நடுவர் என்றால் பட்டிமன்ற நாற்காலிதான் ஞாபகம் வருகிறது. 'கப்பல் மணியம்' என்று வைத்துப் பார்த்தேன், ஆனால் ஊர் மணியம் மேலிருந்து அமர்த்தப்பட்ட பதவி, இது ஓட்டுப் போட்டு வந்தது. ஆகவே பங்குநடுவரே இருக்கட்டும், விளக்கத்தில் 'தேர்ந்தெடுக்கப்பட்டவர்' என்பதை விடாதீர்கள்.

முந்தைய மடலில் எடுத்துக்காட்டாக மடகாஸ்கர் தீவின் லிபர்டாலியா என்ற கொள்ளைக்காரர் ஊரைக் குறித்திருந்தீர்கள். அது 1728இல் அச்சான நூலில் வரும் ஊர். கற்பனை என்றே ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். எடுத்துவிட்டு வேன் கதையைப் போடுங்கள்.