இறால் கம்பெனியில காண்ட்ராக்ட் கூலி, மாசமா இருக்காங்க: லீவு, சம்பளம் கேட்க முடியுமா?

மண்டபம் மகளிர்குழு:
எங்க குழுவுல ரெண்டு பேரு இங்க ஒரு இறால் கம்பெனியில தோல் உரிக்கிற வேலை பாக்குறாங்க. ரெண்டு பேருமே மாசமா இருக்காங்க. ஒருத்தருக்கு ஆறாவது மாசம், டாக்டர் குறிச்ச தேதி ஆகஸ்ட் 20. கூலி கிலோக் கணக்கு, சம்பளம் காண்ட்ராக்டர் கையால. நாள் பூரா ஈரத் தரையில நின்னுக்கிட்டே வேலை. ஸ்டூல் கேட்டா, "முடியலன்னா வீட்ல இரு, பிள்ளை பெத்துட்டு வா, வேலை இருந்தாப் பாக்கலாம்"ங்குறாரு காண்ட்ராக்டர். தினக்கூலிக்கெல்லாம் பேறுகால லீவு கிடையாதாம். உண்மையா? எதுல ஆரம்பிக்கணும்?

சட்டம் படிச்சவன்:
உண்மை இல்லை அக்கா. மகப்பேறு நலச் சட்டம் 1961 நிரந்தர வேலை, தினக்கூலின்னு பிரிச்சுப் பாத்ததே இல்லை. டெல்லி மாநகராட்சியோட மஸ்டர் ரோல் (தினக்கூலி வருகைப் பதிவு) பெண் தொழிலாளர்கள் வழக்குல 2000லயே உச்ச நீதிமன்றம் இதைத் தீர்த்து வச்சிருச்சு. 2025 நவம்பர் 21ல இருந்து அந்தச் சட்டத்துக்குப் பதிலா சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடப்புக்கு வந்திருக்கு. அதோட ஆறாம் அத்தியாயத்துலயும் இதே உரிமைகள்தான், பிரிவு எண் மட்டும் மாறியிருக்கு. மனுவுல ரெண்டையும் எழுதிருங்க.

பாக்க வேண்டிய கணக்கு ஒண்ணுதான். குறிச்ச தேதிக்கு முந்தைய 12 மாசத்துல 80 நாள் வேலை பாத்திருக்கணும். தொடர்ச்சியா இருக்கணும்னு இல்லை. சீசன் இல்லாம நடுவுல ரெண்டு மாசம் கம்பெனி மூடிக் கிடந்தாலும் மொத்தத்துல 80 வந்தாப் போதும். சம்பளத்தோட விட்ட விடுமுறையும் இதுல சேரும்.

தகராறு வர்றதும் இந்த 80லதான். காண்ட்ராக்டர் ரிஜிஸ்டர்ல பேரை விட்டுவிட்டு எழுதுவாரு, இல்ல வேற பேர்ல எழுதுவாரு. அதனால கேக்குறதுக்கு முன்னாடியே ஆதாரத்தைச் சேருங்க: கிலோ எழுதிக் கொடுக்குற துண்டுச் சீட்டு, கேட் பாஸ், பிஎஃப் பாஸ்புக், ஜிபேல கூலி வந்த விவரம். சீட்டு ஈரத்துல ஊறி எழுத்து அழிஞ்சிரும், அன்னன்னைக்கே போன்ல போட்டோ எடுத்து வைக்கணும்.

முதல் ரெண்டு குழந்தைக்கு 26 வாரம், அதுல பிரசவத்துக்கு முன்னாடி 8 வாரம் வரைக்கும் எடுக்கலாம். ஏற்கெனவே ரெண்டு குழந்தை இருந்தா 12 வாரம், முன்னாடி 6. ஆகஸ்ட் 20 தேதிக்கு 8 வாரம்னா ஜூன் 25ல இருந்து லீவு போடலாம்.

கிலோக் கூலிக்குத் தொகை எப்படின்னு கேட்பீங்க. லீவு தொடங்குறதுக்கு முந்தைய மூணு மாசத்துல வாங்கின மொத்தக் கூலியை, வேலை பாத்த நாளால வகுக்கணும். 66 நாள்ல 29,700 ரூபாய் வாங்கியிருந்தா நாளுக்கு 450. இதை 26 வாரத்துக்கு, அதாவது 182 நாளுக்குப் பெருக்கணும்: 81,900. கம்பெனிக்காரங்க ஞாயித்துக்கிழமையைக் கழிச்சு 156 நாள்னு போடுவாங்க, 11,700 போயிரும். விட்றாதீங்க. வாரம்னா ஏழு நாள்தான்னு 1977ல உச்ச நீதிமன்றம் சொல்லியாச்சு. அந்த வழக்கு போனதே நம்ம கோயம்புத்தூர் தொழிலாளர் நீதிமன்றத்துல இருந்துதான். கம்பெனி இலவசமா பிரசவம் பாக்க ஏற்பாடு செய்யலன்னா மருத்துவ போனஸ் 3,500 தனி.

முன்னாடி எடுக்குற வாரங்களுக்கான பணம், கர்ப்பச் சான்று கொடுத்ததும் முன்பணமா வரணும். மிச்சம் பிரசவச் சான்று கொடுத்து 48 மணி நேரத்துல.

இது 10 பேராவது வேலை பாக்குற இடத்துக்குத்தான். இறால் கம்பெனிக்கு அது ஒரு கேள்வியே இல்லை.

ஷிப்ட்சூப்பர்வைசர்:
சட்டத்தை அவர் சொல்லிட்டாரு, வேலை இடத்தைப் பத்தி நான் சொல்றேன். நிக்கிற வேலை, கடின வேலை தரக்கூடாதுன்னு சட்டம் கட்டாயமாச் சொல்றது, குறிச்ச தேதிக்கு ஆறு வாரம் முன்னாடி, அதுக்கும் ஒரு மாசம் முன்னாடி இருந்துதான். ஆகஸ்ட் 20க்கு ஜூன் 9. அதுவும் அவங்க கேட்டாத்தான். கேட்காம இருந்தா கம்பெனி மேல தப்பு சொல்ல முடியாது. ஜூன் 9க்கு முன்னாடி மாத்தணும்னா டாக்டர் சீட்டு வேணும். "ஓய்வு தேவை"ன்னு மட்டும் எழுதினா லீவு போடச் சொல்லிருவாங்க. "தொடர்ந்து நிற்கக்கூடாது, சுமை தூக்கக்கூடாது, மற்ற வேலை செய்யலாம்"னு எழுதி வாங்குங்க.

என்ன கேக்கணும்னு குறிப்பாக் கேளுங்க. உரிக்கிற மேசை நின்னு வேலை பாக்குற உயரத்துல இருக்கும். சாதா ஸ்டூல் போட்டா கை தோளுக்கு வரும், முதுகு இன்னும் வலிக்கும். உயர ஸ்டூலும் காலை வைக்க ஒரு பலகையும் கேளுங்க. ஐஸ் போட்ட டப்பை வேற ஆள் தூக்கணும். பாத்ரூம் போக ஆளை மாத்தி விடணும். அடக்கி வச்சா மூத்திரத் தொற்று வரும், மாசமா இருக்கும்போது அது ஆபத்து. ப்ரீசர் ரூம் பக்கம் வேலை போடக்கூடாது, குளிரூட்டுற அமோனியா வாயு கசிஞ்சா ஓட முடியாது. நண்டு அவிக்கிற செக்‌ஷனும் வேணாம். எடை போடுறது, லேபிள் ஒட்டுறது மாதிரி உக்காந்து பாக்குற வேலை எல்லாக் கம்பெனியிலயும் இருக்கு. வேலையை மாத்தினதைக் காரணம் காட்டிக் கூலியைக் குறைக்கக்கூடாது, அதுக்கும் சட்டத்துல தனிப் பிரிவு இருக்கு.

மண்டபம் மகளிர்குழு:
ரொம்ப நன்றி அண்ணே. கூலிச் சீட்டுல ஈஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடிச்சிருக்கு. அப்பவும் கம்பெனிகிட்டதான் கேக்கணுமா? எழுதிக் கொடுத்தா நிறுத்திருவாங்களோன்னு பயப்படுறாங்க.

சட்டம் படிச்சவன்:
இதை முதல்லயே சொல்லியிருக்கணும் அக்கா, வழியே மாறுது. ஈஎஸ்ஐ இருந்தா பணம் கம்பெனி தராது, ஈஎஸ்ஐதான் தரும். அதே 26 வாரம், முழுச் சராசரிக் கூலி. 80 நாள் கணக்கு இங்க இல்லை. முந்தைய ரெண்டு பங்களிப்புக் காலத்துல (ஒவ்வொண்ணும் ஆறு மாசம்) சேர்த்து 70 நாளுக்குப் பணம் கட்டியிருக்கணும். சீட்டுல பிடிச்சுட்டுக் கட்டாம விடுற காண்ட்ராக்டர் உண்டு, ஈஎஸ்ஐ வெப்சைட்ல அவங்க நம்பரைப் போட்டு நாளைப் பாருங்க. கட்டலன்னா முதலாளிக் கம்பெனிதான் பொறுப்பு, காண்ட்ராக்டரைக் கைகாட்டித் தப்பிக்க முடியாது. ஈஎஸ்ஐ ஆஸ்பத்திரி வசதி இல்லாத இடத்துல பிரசவம் ஆனா 7,500 தனியாத் தருவாங்க.

நிறுத்துறதைப் பத்தி: மாசமா இருக்குறதுக்காக நிறுத்தினாலும் பேறுகாலப் பணம் போகாது. நிறுத்தின 60 நாளுக்குள்ள அப்பீல் பண்ணணும். இதுக்கெல்லாம் எழுதிக் கொடுத்ததுதான் சாட்சி. வாயால சொன்னா "அவளே நின்னுட்டா"ன்னு சொல்லிருவாங்க. கடிதத்துல குறிச்ச தேதி, லீவு தொடங்குற தேதி, பணம் யார்கிட்டக் கொடுக்கணும்ங்கிறது, இந்த மூணும் இருக்கணும். தாய் சேய் நல அட்டை ஜெராக்ஸ் சேர்த்து, கம்பெனிக்கும் காண்ட்ராக்டருக்கும் தனித்தனியா ஸ்பீட் போஸ்ட்ல ஒப்புகையோட அனுப்புங்க. வெத்துப் பேப்பர்ல கையெழுத்துக் கேட்டா மட்டும் போடவே கூடாது, அது ராஜினாமாவா மாறும்.

பாம்பன்காரி:
குறுக்க கேக்குறேன். எங்க பக்கம் கடல் பாசி எடுக்கப் போற பொம்பளைங்களுக்கு இதுல எதுவும் உண்டா? முதலாளின்னு யாரும் இல்லை, யாவாரிகிட்ட எடை போட்டு விக்கிறாங்க.

நகர்நல செவிலி:
இந்தச் சட்டம் அவங்களுக்கு வராது லாத்தா, முதலாளி இருந்தாத்தான். அவங்களுக்கு முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் இருக்கு: மொத்தம் 18,000, அதுல 14,000 பணம், 4,000க்கு ஊட்டச்சத்துப் பெட்டகம் ரெண்டு. முதல் ரெண்டு பிரசவத்துக்கு, 19 வயசு முடிஞ்சிருக்கணும். 12 வாரத்துக்குள்ள கிராம சுகாதார செவிலியர்கிட்டப் பதிஞ்சு பிக்மி நம்பர் (கர்ப்பப் பதிவு எண்) வாங்கணும். பணம் நிக்கிறது பெரும்பாலும் பேங்க் கணக்காலதான். கணக்கு அவங்க பேர்லயே இருக்கணும், ஆதார்ல உள்ள பேரும் பாஸ்புக் பேரும் ஒண்ணா இருக்கணும். கல்யாணத்துக்கு அப்புறம் ஒண்ணுல மட்டும் பேர் மாத்தியிருந்தா முதல்ல அதைச் சரி பண்ணச் சொல்லுங்க.

பாசிக்காரங்களுக்கு மட்டும்னு இல்லை, கம்பெனியில வேலை பாக்குற அந்த ரெண்டு பேரும் தகுதி இருந்தா இதையும் வாங்கலாம். இன்னொண்ணு, யாரும் கேக்குறதில்லை: கரு கலைஞ்சு போனாலும் ஆறு வாரம் சம்பளத்தோட லீவு உண்டு, டாக்டர் சான்று வேணும்.

சட்டம் படிச்சவன்:
கம்பெனி பதில் தரலன்னா: கம்பெனி ஃபாக்டரி லைசென்ஸ்ல ஓடுதுன்னா தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கு மனு, கடைன்னா தொழிலாளர் துறை அமலாக்கப் பிரிவுக்கு. எது எதுன்னு குழப்பமா இருந்தா ராமநாதபுரம் கலெக்டர் ஆபீஸ்ல திங்கட்கிழமை குறைதீர் நாள்ல கொடுங்க, அங்க இருந்து உரிய துறைக்கு அனுப்பிருவாங்க. மனு நம்பர் போட்ட சீட்டு வாங்காம வராதீங்க. வக்கீல் வேணும்னா மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவுன்னு பாக்காம இலவசம். போன்ல கேக்க 15100.